ரமாபாயின் நாற்பத்தொன்று

சட்டக்கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து ரமாபாய்க்கு இருபத்தெட்டுக்குக் கீழே உள்மதிப்பெண் வந்ததே இல்லை. முப்பதுக்கு இருபத்தெட்டு. காய்ச்சலோடு போய் அரைப் பக்கம் எழுதிவிட்டு மேசையில் தலைசாய்த்துக் கிடந்த தேர்விலும் இருபத்தெட்டு. ஒரு மாதம் விழுந்து விழுந்து படித்து எழுதிய தேர்விலும் இருபத்தெட்டு. பக்கத்தில் உட்காரும் தண்டையார்பேட்டைத் தமன்னா, அண்ணன் கல்யாணத்துக்காக இரண்டு வாரம் கல்லூரிப் பக்கமே தலைகாட்டாதவள், இருபத்தேழு வாங்கினாள். குறைந்த அந்த ஒரு மார்க், பிரியாணிக்குக் கூப்பிடாததற்கு வாத்தியார்கள் போட்ட அபராதம் என்று வகுப்பில் பேசிக்கொண்டார்கள்.

மற்றவர்களுக்கு இது வேடிக்கையாக இருந்தது. ரமாபாய்க்கு மட்டும் உள்ளே ஒரு குடைச்சல். கோபமோ புகாரோ கிடையாது. விஷயம் என்னவென்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அவள் பார்க்கும் வேலையும் அப்படிப்பட்டது. மணலி புதுநகருக்குப் போகும் சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் அவள் சர்வேயர். துறைமுகத்திலிருந்து லாரியில் வரும் ஒவ்வொரு பெட்டியையும் சுற்றி வந்து, எங்கே ஒடுங்கியிருக்கிறது, எங்கே துரு தின்றிருக்கிறது, கதவில் போட்ட சீலில் யாராவது கை வைத்திருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அவள் சொன்ன பிறகுதான் பெட்டி உள்ளே போகும். காலையில் கல்லூரி, மதியத்துக்கு மேல் யார்டு, அப்புறம் வியாசர்பாடி குடியிருப்பின் மூன்றாம் மாடி வீடு. மூன்று வருடம் இப்படியே ஓடிவிட்டது.

முப்பத்தாறு வயதில் சட்டம் படிக்க வந்ததற்குக் காரணமும் ஒரு பெட்டிதான். தண்ணீர் புகுந்து சரக்கு கெட்டுப்போன ஒரு கன்டெய்னரைப் பார்வையிட வந்த வக்கீல் அவளை நிற்க வைத்து வெகுநேரம் கேள்வி கேட்டார். பெட்டிகளைப் பற்றி அந்த மனிதருக்கு எதுவுமே தெரியாது. கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதுகூடத் தெரியாது. ஆனால் எங்கே தோண்டினால் பதில் வரும் என்று மட்டும் தெரிந்திருந்தது. இது என்ன வித்தை என்று அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அஞ்சல் வழியில் முடித்து வைத்திருந்த பி.ஏ. அன்றைக்குத்தான் உபயோகத்துக்கு வந்தது.

கல்லூரி தன்னாட்சி பெற்ற தனியார் கல்லூரி. கேள்வித்தாள் தயாரிப்பதும் அங்கேதான், திருத்துவதும் அங்கேதான். எல்லோரும் தொண்ணூறுக்கு மேல். எல்லோருக்கும் ஓ கிரேடு. அதற்குமேல் ஒரு கிரேடு கிடையாது. இரண்டாம் வருடம் ரமாபாய் ஒரு சோதனை செய்து பார்த்தாள். குடும்பச் சட்டத்துக்கு எழுதிய கட்டுரையில் மூன்றாம் பக்கத்தை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டு மீதியைப் பின் அடித்துக் கொடுத்தாள். இரண்டாம் பக்கம் பாதி வாக்கியத்தில் அறுந்து நின்றது. இருபத்தொன்பது வந்தது. முழுசாகக் கொடுத்த கட்டுரைகளைவிட ஒன்று கூடுதல்.

துணைப் பேராசிரியர் மொஹ்சினிடம் இதைப் பற்றி நேராகவே கேட்டிருக்கிறாள். அவருக்கு முப்பதுதான் இருக்கும். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். நீங்கள் நன்றாகத்தான் எழுதுகிறீர்கள் என்றார்.

“நல்லான்னா எவ்ளோ நல்லா சார்?”

அவர் சிரித்துவிட்டு மணி பார்த்தார். அடுத்த வகுப்புக்கு நேரமாகிவிட்டதாம்.

கடைசி வருடம் வந்ததும் குடைச்சல் வேறு மாதிரி ஆகிவிட்டது. வக்கீலாகப் பதிவு செய்துகொண்டால் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது என்பது விதி. யார்டை விட்டால்தான் கோர்ட். கணவன் பாரிக்குப் பேசின் பிரிட்ஜில் ரயில்பெட்டி கழுவும் ஒப்பந்த வேலை. அது இருக்கும் மாதமும் உண்டு, இல்லாத மாதமும் உண்டு. மகள் மதி காலேஜில் முதல் வருடம். வீடு ரமாபாயின் சம்பளத்தில்தான் நிற்கிறது. பாரி தடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் சோற்றுக்கு நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

“நீ நல்ல வக்கீலா வருவியா? அத்த மட்டும் சொல்லு. வருவேன்னா வேலைய வுட்டுடு. நான் பாத்துக்கறேன்.”

நியாயமான கேள்வி. பதில் இதில் இருக்கிறதா பார் என்று மார்க்‌ஷீட்டை எடுத்து மதி முன்னால் போட்டாள். மதி ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள்.

“இன்னாமா இது, வரிசையா முட்டையா கீது. இத்த வெச்சிகினு இன்னா சொல்றது? உங்க கிளாஸ்ல எல்லாரும் இதே முட்டதானே?”

அந்தச் சமயத்தில்தான் மூட் கோர்ட் வந்தது. கற்பனை வழக்கு ஒன்றைக் கொடுத்து, மாணவர்களை இரு பக்கமும் வாதாட விட்டு, வெளியிலிருந்து வக்கீல்களை அழைத்து நீதிபதிகளாக உட்கார வைப்பார்கள். மூன்று பேர் நூற்றுக்கு மார்க் போடுவார்கள். இந்த முறை கொடுத்த வழக்கைப் படித்ததும் ரமாபாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுங்கத்துறை சோதனைக்காக ஒரு கன்டெய்னரை யார்டில் ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்தி வைக்கிறார்கள். சரக்கில் தப்பு எதுவும் இல்லை. அந்த ஒரு மாத வாடகையை யார்டு கேட்கிறது, இறக்குமதி செய்தவர் தர மாட்டேன் என்கிறார். ரமாபாய் இறக்குமதியாளர் பக்கம். தினம் அவள் கண்ணெதிரில் நடக்கும் சண்டை.

அன்றைக்கு அவள் பேசிய பேச்சில் அறையே அசந்துவிட்டது. பெட்டி ஏன் தாமதமாகும் என்று நடு நீதிபதி கேட்டார். நான்கு அடுக்கில் அடியில் மாட்டிய பெட்டியை எடுக்க மேலே உள்ள மூன்றையும் இறக்க வேண்டும், கிரேன் காலியாக இருக்க வேண்டும், அதற்குள் அதிகாரி கிளம்பிவிடுவார் என்று அவள் ஒன்றொன்றாகச் சொன்னாள். சீல் வெட்டுவது, புது சீல் போடுவது, சோதனைக்குத் தனி இடத்துக்கு இழுத்துப் போவது என்று எதையும் விடவில்லை. இரண்டு நீதிபதிகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கதை கேட்பது மாதிரி கேட்டார்கள். ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெண் வக்கீல் மட்டும் குனிந்து தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அறிவிப்புப் பலகையில் மார்க் ஒட்டினார்கள். ரமாபாய்: தொண்ணூற்றாறு, தொண்ணூற்று நாலு, நாற்பத்தொன்று.

தமன்னா பலகையை முறைத்துக்கொண்டு நின்றாள். அவளும் அதே அறையில்தான் வாதாடினாள். அந்த மூன்றாவது பெண்மணி அவளுக்குப் போட்டது இருபத்தொன்பது.

“என் வயசோட அஞ்சு கூட்டிப் போட்டுக்கீது அந்தம்மா. யாருக்கா இது? எந்த ஊரு பேஜாரு?”

கூட்டம் நேராக மொஹ்சினின் அறைக்குப் போனது. போன வேகத்தில் திரும்பியும் வந்தது. விதி இருந்தது: ஒரு நீதிபதியின் மார்க் மற்ற இருவருடையதிலிருந்து இருபதுக்கு மேல் விலகினால் அதை அடித்துவிட்டு மற்ற இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், அல்லது மாணவர் விரும்பினால் புதிய நீதிபதி முன்னால் மறுபடி வாதாடலாம். இரண்டாவது வழியைக் கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து யாரும் கேட்டதில்லை. அன்று மாலைக்குள் தமன்னாவின் இருபத்தொன்பது அடிபட்டது. அதே அறையில் வாதாடிய மற்ற இருவரின் மார்க்கும் அடிபட்டது. ரமாபாய் மட்டும் போகவில்லை.

மொஹ்சின் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். கையெழுத்து போட்டால் போதும், முடித்துவிடலாம் என்றார். அவள் கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள். இரண்டு பேர் தொண்ணூறுக்கு மேல் போட்ட அதே பேச்சுக்கு ஒருத்தர் ஏன் நாற்பத்தொன்று போட்டார் என்று தெரிய வேண்டும் என்றாள்.

“காரணம் ஒண்ணும் பெருசா இல்லக்கா,” என்றார் மொஹ்சின். “போட்டிக்கு முன்னாடி டீ குடுக்கறப்ப நாங்க நீதிபதிங்க கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுவோம், எண்பத்தஞ்சுக்குக் கீழ வேணாம்னு. அவங்க கோர்ட்லேருந்து லேட்டா வந்து நேரா ஹாலுக்குள்ள போயிட்டாங்க. சொல்ல முடியல.”

ரமாபாய் அந்த நாற்காலியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தாள். டீ குடிக்காத ஒரே நீதிபதி. அப்படியானால் மூன்று வருடத்தில் அவளுக்கு வந்த ஒரே மார்க் அதுதான்.

மொஹ்சின் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாக இன்னொன்று சொன்னார். சேர்ந்த புதிதில் அவரும் ஐம்பத்தைந்து, அறுபது என்றுதான் போட்டுக்கொண்டிருந்தார். அவர் ஐம்பத்தைந்து போட்ட ஒரு பையனைக் கம்பெனிக்காரர்கள் நேர்முகத்துக்கே கூப்பிடவில்லை. அவனைவிடக் குறைவாகப் படித்தவன், வேறு கல்லூரி கொடுத்த தொண்ணூறோடு போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். ஊரே தொண்ணூறு போடும்போது நான் மட்டும் நிஜம் போட்டால் அடி வாங்குவது நானா, என் பிள்ளைகளா என்று கேட்டார். அவர் சொன்னதில் தப்பு இருப்பதாக ரமாபாய்க்குத் தோன்றவில்லை. அந்த வக்கீலின் பெயரை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஜானட், திருவொற்றியூர் கோர்ட்.

யார்டில் பாதி நாள் விடுப்பு சொல்லிவிட்டுப் போனாள். ஜானட் அவளைவிட நான்கைந்து வயது இளையவராகத்தான் இருப்பார். ராயபுரத்துக்காரர். அழைப்புக்குக் காத்திருக்கும் கட்சிக்காரர்களுக்கு நடுவில், தாழ்வாரத்து பெஞ்சில், டப்பாவிலிருந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெயர் சொன்னபோது ஞாபகம் வரவில்லை. கன்டெய்னர் என்றதும் வந்துவிட்டது.

சண்டைக்கு வந்திருக்கிறாள் என்றுதான் அவர் முதலில் நினைத்தார் போலிருக்கிறது. ஸ்பூனை வைத்துவிட்டு, மார்க்கை மாற்றச் சொல்லிக் கல்லூரியிலிருந்து ஏற்கெனவே போன் வந்துவிட்டது, மாற்ற மாட்டேன், அடித்துக்கொள்ளட்டும் என்றார்.

“மாத்தச் சொல்லி வர்ல மேடம். இன்னாத்துக்குக் கொறச்சீங்கன்னு கேக்க வந்தேன்.”

“குறைச்சலா? அன்னிக்கு அந்த ரூம்ல நாலு பேருல நீங்கதான் ஃபர்ஸ்ட்டு. நான் படிச்சப்போ அம்பது வாங்குனா டீ பார்ட்டி வெப்போம்.”

“சரி மேடம், நாப்பத்தொண்ணு நல்ல மார்க்குதான். மீதி எங்க போச்சு?”

ஜானட் அவளைப் புதிதாகப் பார்ப்பது மாதிரி பார்த்தார். நகர்ந்து உட்கார்ந்து பெஞ்சில் இடம் விட்டார். அந்தப் பெட்டி அடுக்கில் அடியில் இருந்தது என்று வழக்குத் தாளில் எங்கே இருக்கிறது என்று கேட்டார். ரமாபாய் யோசித்தாள். எங்கேயும் இல்லை. கிரேன் காலியாக இல்லை என்று? அதுவும் இல்லை. அதிகாரி கிளம்பிவிட்டார் என்று?

“ஆனா அங்க அப்டித்தான் மேடம் நடக்கும். எனுக்குத் தெரியும்.”

“உங்களுக்குத் தெரியும். அதான் பிரச்சினை. அன்னிக்கு நீங்க வக்கீலாப் பேசல, சாட்சியாப் பேசுனீங்க. சாட்சின்னா கூண்டுல ஏறி சத்தியம் பண்ணணும், எதிர்க்கட்சி குறுக்க கேள்வி கேக்கணும். வக்கீல் எடத்துல நின்னுகிட்டு நீங்களே சொல்லிட்டா எப்படி? உங்க எதிர்ல நின்ன பொண்ணு பாவம், அது எந்திரிச்சு ஆட்சேபிச்சிருக்கணும். அதுக்கும் தெரியல. இருபத்தொம்பது போட்டேன்.”

எதிரில் நின்ற பெண் தமன்னா.

உள்ளே ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள். ஜானட் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தார். போகிற போக்கில், தெரிந்ததையெல்லாம் மறந்துவிடச் சொல்லவில்லை, எதிராளியைக் கேள்வி கேட்க அதை வைத்துக்கொள்ளுங்கள், நீங்களே சொல்லாதீர்கள் என்றார். நான் வக்கீலாகத் தேறுவேனா என்று ரமாபாய் பின்னாலேயே நடந்துகொண்டே கேட்டாள். அதெல்லாம் ஜோசியக்காரரிடம் கேட்க வேண்டியது என்று சொல்லிவிட்டு ஜானட் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

திரும்பும் பஸ்ஸில் ரமாபாய்க்கு ஒரு விஷயம் விளங்கிக்கொண்டே வந்தது. யார்டில் அவளைக் கேள்வி கேட்ட அந்த வக்கீல், பெட்டியைப் பற்றித் தனக்குத் தெரிந்ததாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. தெரியாததால்தான் சொல்லவில்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாரோ? தனக்கு இது வருமா? பதினாறு வருடமாகப் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லியே பழகிய வாய் இது. அடக்கச் சொன்னால் அடங்குமா?

மறுநாள் மொஹ்சினிடம் போய், அடிக்க வேண்டாம், மறுபடி வாதாடுகிறேன் என்றாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். கேட்டால் கொடுக்க வேண்டியது விதி. தமன்னாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

“அக்கா, சும்மா கெடைக்கற தொண்ணூத்தஞ்ச வுட்டுட்டு எவனாச்சும் வாசப்படி ஏறிப் போயி ஒத வாங்குவானா? திரும்ப யாரு எதிர்ல நிக்கறது?”

“நீதான்.”

“நானா? போக்கா அந்தாண்ட.”

ஆனால் வந்தாள்.

புதிய நீதிபதியாக ஆசீர்வாதம் என்ற வக்கீல் வந்தார். உயர் நீதிமன்றத்தில் நெடுநாள் அனுபவம், நிதானமான ஆள். மொஹ்சின் இந்தத் தடவை வாசலிலேயே காத்திருந்து அவரை டீக்கு அழைத்துப் போனார்.

ரமாபாய் எழுந்து நின்றாள். தொடக்கத்திலேயே தடுமாற்றம். சொல்லத் தெரிந்தது அத்தனையும் நாக்கு நுனியில் வந்து நின்றது. ஒவ்வொன்றாக விழுங்கிவிட்டுத் தாளில் உள்ளதை மட்டும் எடுத்துப் பேச வேண்டியிருந்தது. புது சீலைப் பற்றி ஒரு வார்த்தை வழுக்கி வெளியே வந்துவிட்டது. தமன்னா சட்டென்று எழுந்து, இது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டாள். எந்தப் பக்கத்திலும் இல்லை, திரும்பப் பெறுகிறேன் என்று ரமாபாய் சொன்னாள். உள்ளுக்குள் அந்தப் பெண்ணைத் தட்டிக்கொடுக்க வேண்டும் போல இருந்தது.

பிறகு ஆசீர்வாதம் அதே கேள்விக்கு வந்தார். பெட்டி யார்டில் எந்த இடத்தில், எந்த அடுக்கில் இருந்தது? அவ்வளவு நாள் ஏன் ஆனது?

அவளுக்குப் பதில் தெரியும். பத்துப் பதில் தெரியும். கையை மேசை ஓரத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

“அது ஆவணத்தில் இல்லை, மை லார்ட். பெட்டி யார்டின் கையில் இருந்தது. எங்கே வைத்தோம், ஏன் தாமதம் என்று சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். அவர்கள் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. காரணம் சொல்லாத தாமதத்துக்கு நாங்கள் எதற்கு வாடகை தர வேண்டும்?”

ஆசீர்வாதம் தமன்னா பக்கம் திரும்பி, இதற்கு உங்கள் பதில் என்ன என்று கேட்டார். தமன்னா தாளைப் புரட்டினாள், புரட்டினாள், புரட்டிக்கொண்டே இருந்தாள்.

அந்த ஒரு இடத்தில் வென்றாலும் மற்ற இடங்களில் ரமாபாய் சொதப்பினாள். முதல் வாதத்திலேயே நேரத்தைக் கொட்டிவிட்டு, கடைசியில் நீதிமன்றம் என்ன உத்தரவு தர வேண்டும் என்று கேட்பதற்குள் மணி அடித்துவிட்டது. ஒரு தீர்ப்பின் பெயரை மாற்றிச் சொன்னாள். மார்க் உடனே வந்தது. தொண்ணூற்று மூன்று.

தமன்னா கட்டிப்பிடித்தாள். மொஹ்சினுக்குப் பெருமூச்சு. நாற்பத்தொன்று இருந்த இடத்தில் தொண்ணூற்று மூன்று ஏறியது. ஓ கிரேடு கெடவில்லை. ரமாபாய் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தீர்ப்பின் பெயரை மாற்றிச் சொன்னவளுக்குத் தொண்ணூற்று மூன்றா? பையை எடுத்துக்கொண்டு வண்டி நிறுத்தும் இடத்துக்கு ஓடினாள். ஆசீர்வாதம் காரில் ஏறப் போகிற சமயம்.

“சார், ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. தொண்ணூத்தி மூணு காலேஜுக்கு. எனுக்கு எவ்ளோ?”

அவர் முதலில் சுற்றுமுற்றும் பார்த்தார். மார்க் வந்துவிட்டதே, இன்னும் எதற்கு என்றார். அவள் யார்டைப் பற்றிச் சொன்னாள், பாரி கேட்ட கேள்வியைச் சொன்னாள். இருக்கிற வேலையை விடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க ஒரு எண் வேண்டும், யார் மனசும் நோகாத எண் வேண்டாம் என்றாள். அவர் கார் சாவியை விரலில் ஒரு சுற்றுச் சுழற்றினார்.

“அறுபத்திரண்டு. வருத்தப்படாதீங்கம்மா.”

“வருத்தமா? எனுக்கு வந்த ரெண்டாவது மார்க்கு சார் இது.”

மீதி முப்பத்தெட்டு எங்கே போனது என்று அவள் அடுத்துக் கேட்டாள். ஆசீர்வாதம் சாவியைச் சட்டைப் பையில் போட்டுவிட்டுக் கார்மேல் சாய்ந்து நின்றுகொண்டார். நேரத்தைப் பங்கிடத் தெரியாததற்கு இவ்வளவு, தீர்ப்புகளைப் படிக்காமல் தலைப்பை மட்டும் மனப்பாடம் செய்ததற்கு இவ்வளவு, கேட்க வேண்டியதைக் கடைசி வரை கேட்காமல் விட்டதற்கு இவ்வளவு என்று அவர் சொல்லச் சொல்ல, அவள் குறுக்கே குறுக்கே கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு யார்டுக்குத் தாமதமாகத்தான் போனாள்.

வீட்டில் பாரியிடமும் மதியிடமும் சொன்னாள். அறுபத்திரண்டு.

“நூத்துக்கா?” என்றாள் மதி. “என்னோட கம்மிமா நீ.”

பாரி சிரிக்கவில்லை. முந்தி எவ்வளவு என்று கேட்டான். நாற்பத்தொன்று என்றாள். எத்தனை நாளில் ஏறியது என்று கேட்டான். மூன்று வாரம் என்றாள். அவன் மனசுக்குள் எதையோ போட்டுப் பார்த்தான். பிறகு கேட்டான்.

“இந்த அறுபத்திரண்டு போட்ட வக்கீலு இருக்கறாரே, அவுரு நின்னு பேசுனா எவ்ளோ எடுப்பாராம்?”

“அத்தயும் கேட்டுட்டேன்.”

“இன்னா சொன்னாரு?”

“நல்ல நாள்ல எழுபதாம்.”

பாரி மதியைப் பார்த்தான், ரமாபாயைப் பார்த்தான்.

“எட்டு மார்க்குதான் வித்தியாசமா? அப்ப வுட்டுடு வேலைய.”

கடைசித் தேர்வு முடிந்த வாரம் ரமாபாய் வேலையை விடுவதாக யார்டில் எழுதிக் கொடுத்தாள்.